46.7 டிகிரிக்கு முன்பே மூடிக்கொள்ளும் இலைகள்

வெப்பமண்டலக் காடுகளைப் பற்றிய செய்திகளில் 2023 ஆகஸ்ட் முதல் ஓர் எண் அடிக்கடி தென்படுகிறது: 46.7 டிகிரி செல்சியஸ். வெப்பமண்டல மரங்களின் இலைக்குள் ஒளிச்சேர்க்கைக்கான கட்டமைப்பு குலையத் தொடங்கும் சராசரி வெப்பநிலை அது. வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் டௌட்டி தலைமையிலான குழு ஒன்று, சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2018இல் பொருத்தப்பட்ட எக்கோஸ்ட்ரெஸ் என்ற வெப்ப உணரியின் பதிவுகளையும், பல காடுகளில் இலைகளின் மேலேயே ஒட்டிவைத்த நுண்ணிய வெப்பமானிகளின் பதிவுகளையும் சேர்த்துப் படித்து 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. மேல்விதான இலைகள், அதாவது காட்டின் உச்சிக் கூரையில் இருக்கும் இலைகள், இந்த எல்லையைத் தாண்டும் நேரம் இன்றைக்கு 0.01 சதவீதம்தான் என்றது அந்தக் கட்டுரை.

இதைப் படித்த சிலர், இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறதே என்று ஆறுதல் அடைந்தார்கள். வேறு சிலர் அமேசான் நாளைக்கே கருகிவிடும் என்று எழுதினார்கள். இலை 46.7 டிகிரி வரை நன்றாக வேலை செய்துவிட்டு, அதற்கப்புறம் நின்றுவிடும் என்றுதான் இரண்டு தரப்பும் நினைத்துக்கொள்கின்றன. இலை அப்படி வாழ்வதில்லை. மழைக்காட்டின் உச்சியில் வெயில் வாங்கும் இலை 30 டிகிரியை ஒட்டியே தன் உச்ச உற்பத்தியைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சரிகிறது. காடு அழிவதற்கு வெகு காலம் முன்பே காட்டின் வருமானம் குறைந்துவிடும். இந்தப் பதினாறு பதினேழு டிகிரி இடைவெளிக்குள் நடப்பதைப் புரிந்துகொள்வதுதான் இன்றைக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

நிலத்தில் வாழும் தாவரங்கள் ஓர் ஆண்டில் ஒளிச்சேர்க்கை மூலம் உள்ளிழுக்கும் கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமண்டலக் காடுகளின் கணக்கில் வருகிறது. அந்தப் பங்கில் ஏற்படும் சின்ன ஏற்றத்தாழ்வுகூட உலகம் முழுவதற்குமான கார்பன் வரவுசெலவை அசைக்கும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வானிலை அறிக்கை சொல்வது காற்றின் வெப்பநிலை, அதுவும் நிழலில் அளந்தது. இலைக்கு அந்த எண்ணோடு நேரடித் தொடர்பு கிடையாது. காற்று 32 டிகிரியில் இருக்கும்போது, முழு வெயிலில் காற்றசைவில்லாமல் நிற்கும் அகன்ற இலை ஒன்று 38, 40 டிகிரிக்குப் போகலாம். ஒரு மேகம் சூரியனை மறைத்தால் அதே இலை சில நிமிடங்களிலேயே காற்றின் வெப்பநிலைக்கு இறங்கிவிடும். அதே மரத்தின் உட்கிளையில், நிழலில் இருக்கும் இலைக்கு இந்த ஏற்ற இறக்கம் எதுவும் தெரியாது. இலை எவ்வளவு சூடாகும் என்பது அதன் அகலம், சாய்வு, மேலே வீசும் காற்று ஆகியவற்றைப் பொறுத்தது. எல்லாவற்றையும்விட, இலை எவ்வளவு நீரை ஆவியாக வெளிவிடுகிறது என்பதைப் பொறுத்தது. நீராவிப்போக்குதான் இலையைக் குளிர்விக்கும் வழி.

பனாமா நகரத்தின் ஓரத்திலேயே பார்க்கே நேச்சுரல் மெட்ரோபாலிட்டானோ என்ற காடு இருக்கிறது. கட்டடம் கட்டப் பயன்படுத்தும் கோபுர கிரேன் ஒன்றை ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தார் 1990இல் அந்தக் காட்டுக்குள் நிறுத்தினார்கள். கிரேனில் தொங்கும் கூண்டில் ஏறி, மரத்தின் உச்சி இலையைக் கிளையிலிருந்து பறிக்காமலேயே, ஒரு சிறு கண்ணாடி அறைக்குள் பிடித்து, உள்ளே போகும் கரியமில வாயு எவ்வளவு, வெளியேறுவது எவ்வளவு என்று அளக்கலாம். மார்ட்டைன் ஸ்லாட், கிளாஸ் விண்டர் இருவரும் அங்கேயும், கரீபியன் கடற்கரைப் பக்கம் மழை அதிகம் பெய்யும் சான் லொரென்சோ காட்டில் இருக்கும் கிரேனிலும், 42 மர, கொடி இனங்களை இப்படி அளந்தார்கள். 2017இல் வெளியான அந்த அளவீடுகளில் ஒளிச்சேர்க்கையின் உச்சம் 30 டிகிரியை ஒட்டியே வந்தது. அது அந்தக் காடுகளின் சராசரிப் பகல்நேர அதிகபட்ச வெப்பநிலைக்கு நெருக்கமானது. மரங்கள் தாங்கள் வாழும் வெயிலுக்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கின்றன, ஆனால் மிச்சமாகக் கையில் வைத்திருக்கும் இடைவெளி குறைவு.

அப்படிப்பட்ட ஓர் உச்சி இலையின் ஒரு நாளைப் பார்ப்போம். காலை ஏழு மணிக்கு ஒளி குறைவு, காற்றில் ஈரம் அதிகம். வாயுவும் நீராவியும் போய்வரும் நுண்ணிய இலைத்துளைகள் நன்றாகத் திறந்திருக்கும். ஒன்பது, பத்து மணிக்கு ஒளி போதுமான அளவு வந்துவிடும், இலையும் 30 டிகிரியைத் தொடும். அந்த நாளின் சிறந்த நேரம் அதுதான். பதினொன்றரைக்கு மேல் இலை 36, 37 டிகிரிக்கு ஏறும்போது ஒளி இன்னும் கூடியிருக்கும், ஆனால் கரியமில வாயு உள்ளே போவது குறையத் தொடங்கும். நடுப்பகலில் வெயில் கொட்டிக்கிடக்கையில் இலை பாதி மூடிக் காத்திருக்கும். மூன்று மணிக்கு மேல் கொஞ்சம் மீளலாம், காலை நேரத்து அளவுக்கு மீளாது.

நடுப்பகலில் இலை மூடிக்கொள்ளக் காரணம் என்ன? இலைக்குள் இருக்கும் நொதிகள் சூட்டில் தளர்ந்ததாலா, அல்லது நீர் இழப்புக்குப் பயந்து இலைத்துளைகள் மூடிக்கொண்டதாலா? இந்தத் துறையில் பல ஆண்டுகளாக நடந்த விவாதம் இதுதான். வெயில் ஏறும்போது காற்றின் வறட்சியும் கூடவே ஏறிவிடுவதால், இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினமாக இருந்தது.

வறட்சி எப்படிக் கூடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய அதிகபட்ச நீராவியின் அழுத்தம் சுமார் 4.24 கிலோபாஸ்கல். ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் காற்றில் இருப்பது சுமார் 2.97. இலையும் 30 டிகிரியில் இருந்தால், ஈரம் நிறைந்த இலையின் உட்புறத்துக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே வித்தியாசம் 1.27 கிலோபாஸ்கல். இப்போது காற்று அப்படியே இருக்க, வெயிலில் இலை மட்டும் 37 டிகிரிக்கு ஏறட்டும். இலைக்குள் நீராவி அழுத்தம் சுமார் 6.28 ஆகிவிடும். வித்தியாசம் 3.31. ஏழே டிகிரியில், இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது. கொடியில் காயும் ஈரத்துணி காலையைவிட உச்சிவெயிலில் அவ்வளவு வேகமாக உலருவதற்கும் இதுதான் காரணம். துணிக்கு அதைத் தடுக்க வழியில்லை. இலைக்கு இருக்கிறது: இலைத்துளையைச் சுற்றியுள்ள காப்பு செல்கள் தளர்ந்து துளையை மூடிவிடும். நீர் மிச்சமாகும். ஆனால் கரியமில வாயு வரும் வழியும் அதே துளைதான். குளிர்ச்சி தந்த நீராவிப்போக்கும் நின்றுபோவதால் இலை மேலும் சூடாகும்.

மற்றொரு பக்கம் நொதிகளின் கதை. கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. அது மெதுவாக வேலை செய்யும் நொதி, ஒரு நொடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் கையாளும். அதற்கு இன்னொரு குறை உண்டு: கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்ஸிஜனையும் பிடித்துவிடும். அப்படிப் பிடித்ததைச் சரிசெய்ய இலை ஆற்றலையும், ஏற்கெனவே சேர்த்த கார்பனில் ஒரு பகுதியையும் செலவழிக்க வேண்டும். இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். வெப்பம் ஏறினால் இந்தத் தவறு கூடுகிறது. சூடான நீரில் ஆக்ஸிஜனைவிடக் கரியமில வாயுவின் கரைதிறன் வேகமாகக் குறைகிறது, ரூபிஸ்கோவின் தேர்ந்தெடுக்கும் திறனும் மழுங்குகிறது. ரூபிஸ்கோவைத் தொடர்ந்து இயங்கும் நிலையில் வைத்திருக்க ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் என்ற உதவிப் புரதம் தேவை. இந்த உதவியாள் ரூபிஸ்கோவைவிட எளிதில் சூட்டில் செயலிழந்துவிடும். ரூபிஸ்கோ நன்றாகவே இருக்க, அதை எழுப்பிவிட ஆள் இல்லாமல் வேலை தேங்கும்.

இரண்டு காரணங்களும் உண்மை. ஆனால் 30 முதல் 38 டிகிரி வரையிலான எல்லையில் எது பெரியது? இதற்குத் தெளிவான விடை வந்தது காட்டிலிருந்து அல்ல, அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலிருந்து. ஆரக்கிள் என்ற ஊருக்கு அருகே பயோஸ்பியர் 2 என்ற மாபெரும் கண்ணாடிக் கூடம் இருக்கிறது. 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் உள்ளே அடைந்து வாழ்ந்து பார்த்த இடம். அதன் ஒரு பகுதியில் நட்ட வெப்பமண்டலக் காடு இன்றைக்கும் வளர்கிறது. கண்ணாடிக்குள் கோடை வெப்பம் மிகக் கடுமையாக ஏறும், ஆனால் ஈரப்பதத்தை மனிதர்கள் கட்டுப்படுத்தலாம். இயற்கைக் காட்டில் ஒட்டிக்கொண்டே வரும் சூட்டையும் வறட்சியையும் பிரிக்கக்கூடிய இடம் அது. மரியேல் ஸ்மித்தும் குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், காற்று ஈரமாக இருந்தபோது அந்தக் காட்டின் ஒளிச்சேர்க்கை 38 டிகிரி வரை தாக்குப்பிடித்தது. இயற்கைக் காடுகளில் அமைந்த கோபுர அளவீடுகளையும் அதோடு சேர்த்துப் பகுத்துப் பார்த்தார்கள். வறண்ட காற்றுக்கு ஒளிச்சேர்க்கை தெளிவாகக் குறைந்தது, வெப்பத்துக்கு நேரடியாகக் காட்டிய எதிர்வினை சொற்பமே.

இந்த முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இப்போதைக்கு மழைக்காட்டு இலையின் உற்பத்தியைக் குறைப்பதில் வெயிலின் பெரிய ஆயுதம் வறட்சிதான். அப்படியென்றால் மண்ணில் ஈரம், காற்றில் ஈரம் ஆகியவற்றைக் காக்கும் எந்தச் செயலும் ஒளிச்சேர்க்கையைக் காக்கும் செயலாகிறது.

ஒரு நிபந்தனையோடுதான் இதைச் சொல்ல வேண்டும். 38க்கு மேல் நொதிகள் தளர்வது கூடும். 45ஐ நெருங்கும்போது, இலையின் பசுங்கணிகங்களுக்குள் இருக்கும் தைலகாய்டு படலங்கள் இளகத் தொடங்கி, அவற்றில் பதிந்திருக்கும், ஒளியைப் பிடிக்கும் புரதத் தொகுப்பான ஒளி அமைப்பு 2 பிரிந்துபோகும். ஆய்வகத்தில் இலையை மெல்ல மெல்லச் சூடாக்கிப் பச்சையத்திலிருந்து வெளிப்படும் மங்கலான சிவப்பு ஒளிர்வை அளந்தால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் அது சட்டென உயரும். பிடித்த ஒளியை இலையால் வேலைக்குப் பயன்படுத்த முடியாமல் போவதன் அடையாளம் அது. 46.7 என்ற எண் இப்படி அளந்ததன் சராசரி. இலைத்துளை மூடுவது மீளக்கூடியது, மாலையில் திறந்துகொள்ளும். இந்தச் சிதைவு நீடித்தால் மீளாது. இலையில் பழுப்புத் திட்டுகள் விழுந்து, அந்தப் பகுதி செத்துவிடும்.

சில இலைகள் செத்தால் என்ன? டௌட்டி குழுவின் கட்டுரையில் என்னை அதிகம் கவலைப்படவைத்தது இந்தப் பகுதிதான். பிரேசில், புவேர்ட்டோ ரிக்கோ, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் மேல்விதான இலைகளை முறையே 2, 3, 4 டிகிரி கூடுதலாகச் சூடாக்கிப் பார்த்த சோதனைகளின் தரவை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இலைகளின் வெப்பநிலை சீராக ஏறவில்லை. எல்லையைத் தாண்டும் நேரம் 0.01 சதவீதத்திலிருந்து 1.3 சதவீதத்துக்குப் பாய்ந்தது, நூறு மடங்குக்கும் மேல். துளை மூடுகிறது, குளிர்ச்சி குறைகிறது, இலை இன்னும் சூடாகிறது. இலைகள் உதிர்ந்தால் நீராவிப்போக்கு மேலும் குறைகிறது, மிச்ச இலைகளில் வெயில் கூடுதலாக விழுகிறது. இந்தச் சுழற்சியை வைத்துக் கணக்கிட்டு, காற்றின் வெப்பநிலை இன்றைக்கு மேல் சுமார் 3.9 டிகிரி கூடும்வரை வெப்பமண்டலக் காடுகள் தாங்கலாம் என்றார்கள். கட்டுப்பாடின்றிப் புகை கக்கும் மோசமான எதிர்காலக் கணிப்பில் இந்த அளவு எட்டக்கூடியதே.

இரவையும் மறந்துவிடக் கூடாது. ஒளிச்சேர்க்கை பகலில் சேர்ப்பதை மரம் இருபத்து நான்கு மணி நேரமும் சுவாசத்தில் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் சுவாசச் செலவு குறுகிய காலத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கோஸ்டா ரிக்காவின் லா செல்வா ஆய்வு நிலையத்தில் டெபோரா கிளார்க்கும் டேவிட் கிளார்க்கும் 1984 முதல் 2000 வரை ஆறு மர இனங்களின் அடிமரச் சுற்றளவு வளர்ச்சியை ஆண்டுதோறும் அளந்தார்கள். இரவுகள் வெதுவெதுப்பாக இருந்த ஆண்டுகளில் மரங்கள் குறைவாகவே பருத்தன. நம் ஊர்களில் வானிலைச் செய்தி கேட்கிறவர்கள் பகல் உச்சத்தையே பார்க்கிறோம். மரத்தின் கணக்கேட்டில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையும் ஒரு செலவு வரி. உலகின் பல காடுகளில் இருந்த நிரந்தர ஆய்வுத் திடல்களின் பதிவுகளை மார்ட்டின் சல்லிவனும் நூற்றுக்கணக்கான ஆய்வாளர்களும் 2020இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஆண்டின் மிக வெப்பமான மாதத்தில் சராசரிப் பகல் உச்சம் 32.2 டிகிரியைத் தாண்டும் காடுகளில் சேமித்த கார்பன் வேகமாகக் குறைவது தெரிந்தது. இலை அளவில் பனாமாவில் கண்ட 30 டிகிரிக்கும், முழுக் காட்டின் அளவில் கண்ட இந்த 32க்கும் இடையிலான நெருக்கம் கவனிக்க வேண்டியது. ஆனால் மரங்கள் சாகும் வேகம், மழை, மண் எல்லாம் காட்டின் கணக்கில் சேரும் என்பதால் ஒன்றை மற்றொன்றின் நேரடி விளைவாகச் சொல்லிவிட முடியாது.

மரங்கள் பழகிக்கொள்ளாதா என்ற கேள்வி நியாயமானது. ஓரளவு பழகிக்கொள்கின்றன. வெப்பமான சூழலில் விரியும் புதிய இலை, தன் உச்ச உற்பத்தி வெப்பநிலையைச் சில டிகிரி மேலே நகர்த்திக்கொள்ளும், சுவாசத்தையும் அடக்கிக்கொள்ளும். இலங்கையின் தென்னை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த துஷான் குமாரதுங்க 2019இல் முதன்மை ஆசிரியராக இருந்து வெளியிட்ட உலகளாவிய தொகுப்பாய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: ஒரு தாவரத்தின் ஒளிச்சேர்க்கை உச்சம், அதன் பூர்விகத் தட்பவெப்பத்தைவிட, அது அண்மையில் வளர்ந்த வெப்பநிலையையே அதிகம் பின்பற்றுகிறது. ஆனால் அந்த நகர்வு வெப்பம் ஏறும் அளவுக்கு முழுமையாக ஈடுகொடுப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே சீரான வெப்பநிலையில் பரிணமித்த உயிரினங்களுக்கு வளைந்துகொடுக்கும் வீச்சு குறைவாகவே இருக்கும் என்று சூழலியலாளர் டேனியல் ஜான்சன் 1967இலேயே வாதிட்டார். மழைக்காட்டு மரங்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று இன்றும் சோதிக்கிறார்கள்.

ருவாண்டாவில் நடக்கும் சோதனை இதில் எனக்கு மிகவும் பிடித்தமானது. விலையுயர்ந்த சூடேற்றும் கருவிகள் கிடையாது. மலைக்காட்டு மரங்களின் கன்றுகளை ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்திலும், அதைவிடத் தாழ்வான, வெப்பமான இரண்டு இடங்களிலும் நட்டு ஒப்பிடுகிறார்கள். மலையே சூடேற்றும் கருவியாகிவிடுகிறது. வெட்டவெளியில் முதலில் முளைக்கும் வேகமான இனங்கள் பல, வெப்பமான இடத்தில் நன்றாகவே வளர்ந்தன. நிழலில் மெதுவாக வளர்ந்து முதிர்ந்த காட்டை உருவாக்கும் இனங்கள் தடுமாறின, அவற்றில் சாவும் கூடியது. அகன்ற இலையும் குறைந்த நீராவிப்போக்கும் கொண்ட இனங்கள் அதிகம் சூடேறின. காடு அழிந்து வெறும் தரை ஆகும் என்பதைவிட, காட்டில் இருக்கும் மர இனங்கள் மாறிவிடும் என்பதே இதிலிருந்து தெரிவது. நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காடுகளை நினைக்கையில் இந்த முடிவு உறுத்துகிறது. நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. குளிரைத் தேடி மேலே ஏற அங்கே மலை மிச்சமில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியிலும் நேரடி அளவீடு உண்டு. புனேயில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிருத் சாஸ்த்ரி, தீபக் பருவா இருவரும் நாற்பதுக்கு மேற்பட்ட மர இனங்களின் இலைகள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். தடித்த, அடர்த்தியான, நீண்ட காலம் வைத்துக்கொள்ளும் இலைகளைக் கொண்ட மெதுவான இனங்கள் கூடுதல் சூட்டைத் தாங்கின. மெல்லிய இலையோடு வேகமாக வளரும் இனங்கள் முன்பே தளர்ந்தன. ருவாண்டா முடிவோடு இது முரண்படுவதுபோல் தோன்றலாம். அங்கே அளந்தது வளர்ச்சியையும் சாவையும், இங்கே அளந்தது இலை சிதையும் எல்லையை. 'வெப்பம் தாங்கும் மரம்' என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வெப்பம் ஏறினால் காட்டின் உற்பத்தி குறையும் என்ற கருத்துக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் கரியமில வாயுவே. காற்றில் அது கூடினால் ரூபிஸ்கோ ஆக்ஸிஜனைப் பிடிக்கும் தவறு குறையும், உச்ச வெப்பநிலை மேலே நகரும், துளையைக் குறைவாகத் திறந்தே போதுமான கார்பனைப் பெறலாம். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி வேகமாகச் சூடேறிய காலத்தில், இன்றைய கொலம்பியா, வெனிசுவேலா பகுதிகளில் வெப்பம் 3 முதல் 5 டிகிரி கூடியும் மழைக்காடுகள் அழியவில்லை, தாவர வகைகள் பெருகின என்று கார்லோஸ் ஹராமிலோவின் குழு புதைபடிவ மகரந்தங்களிலிருந்து 2010இல் காட்டியது. அந்தச் சான்றை மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு வெப்பம் ஏறியது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில், அதுவும் ஈரம் குறையாமல். இன்றைக்கு ஒரு மரத்தின் ஆயுளுக்குள்ளேயே ஏறுகிறது, காடும் துண்டுதுண்டாக வெட்டப்பட்டுக் கிடக்கிறது.

இந்தத் துண்டாடல்தான் வறட்சியை நேரடியாக இலைக்குக் கொண்டுவருகிறது. பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே தாமஸ் லவ்ஜாய் 1979இல் தொடங்கிய காட்டுத்துண்டு ஆய்வில், மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய காட்டின் விளிம்புகள் உட்பகுதியைவிட வெப்பமாகவும் வறண்டும் இருப்பதைத் தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். விளிம்பிலிருந்து 300 மீட்டருக்குள் நிற்கும் பெரிய மரங்கள், உட்காட்டில் இருப்பவற்றைவிட வேகமாகச் சாகின்றன என்று 2000இல் அங்கிருந்தே முடிவு வந்தது. வறட்சிக்குத் தனிமரம் ஆளாகும் இடம் இந்த விளிம்பு. புவியின் சராசரி வெப்பநிலையைக் குறைக்க எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு காட்டின் நடுவே புதுச் சாலை போடலாமா, தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையே எத்தனை மீட்டர் புதர்வேலி விட வேண்டும் என்பதை ஒரு மாநில வனத்துறையே முடிவு செய்யலாம். பயோஸ்பியர் 2இன் அளவீடுகளை நம்பினால், அந்த முடிவும் இலை எந்த வெப்பநிலை வரை வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கும் முடிவுகளில் ஒன்று.